தீவுக்குக் கிளம்புகிறீர்களா? கக்கூஸ் விஷயத்தை முதலில் பேசிவிடலாம்

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்குத் தீவுப் பயணம் இப்போது எட்டாத காரியமில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் கொழும்பு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், மாலத்தீவின் தலைநகர் மாலே அதைவிடச் சற்றுக் கூடுதல். கொச்சிக்குப் போனால் லட்சத்தீவுக் கப்பல். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மாலத்தீவிலோ வேலை பார்த்தால் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் வந்துவிடுகிறது. புதிதாகக் கிளம்புகிறவர்கள் விசா, பணம் மாற்றுவது, சாப்பாடு என எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். கழிப்பறை எப்படி இருக்கும் என்று கேட்க மட்டும் வெட்கப்படுகிறார்கள். கடைசியில் அங்கே போய், அம்மாமார் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நடக்கிறார்கள், முட்டுவலிக்காரர் "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று ஹோட்டல் அறையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். அவ்வளவு செலவு செய்து போய் இப்படி ஆவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் வரிசையிலேயே எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதுகிறேன்.

தீவு ஏன் வேறு மாதிரி

இது தெரிந்தால் மற்ற வழக்கங்கள் பாதி தானாகவே விளங்கிவிடும். லட்சத்தீவில் மொத்தம் 36 தீவுகள், ஆள் குடியிருப்பது பத்தில்தான், எல்லாம் சேர்த்தாலும் நிலம் 32 சதுர கிலோமீட்டர். தரை முழுக்கப் பவளம் பொடிந்த மணல். மழைத்தண்ணீர் அந்த மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். கிணற்றில் கோருவது அதைத்தான். கழிப்பறைக் குழியும் அதே மணலில்தான் வெட்டியிருக்கும், மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. 2005-இல் அங்குள்ள கவரத்தித் தீவில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தது. அப்புறம் 2011-இல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் அதே மாதிரி வந்தது. அந்த ஊர்களில் குழாயில் வரும் நல்ல தண்ணீருக்குப் பின்னால் இவ்வளவு பாடு இருக்கிறது.

மாலே நகரமும் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் வாழ்கிறது. 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்தபோது ஊரே குடிதண்ணீர் இல்லாமல் தவித்தது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. யாழ்ப்பாணத்துத் தரை சுண்ணாம்புக்கல், அங்கேயும் மலக்குழியில் இறங்குவது கிணற்றை எட்டிவிடும். பிலிப்பைன்ஸில் போராக்காய் என்ற சுற்றுலாத் தீவில் ஹோட்டல் கழிவுநீர் கடலுக்குள் போகிறது என்பதால் 2018 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் தீவையே அடைத்துப் போட்டார்கள். ஆகவே ஒரு தீவில் "தாளைக் குழியில் போடாதே", "தண்ணீரைப் பார்த்துச் செலவழி" என்று எழுதி ஒட்டியிருந்தால் அதை அலங்காரப் பலகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஊர்க்காரர் குடிக்கிற தண்ணீர் அதில் இருக்கிறது.

பையில் என்ன வைப்பது

முதலில் ஒரு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், நெகிழக்கூடியதாக, அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் மூடியுடன். கழுவுவதற்கென்று இதைத் தனியாக வையுங்கள், குடிக்கிற பாட்டிலோடு கலந்துவிடாமல் மேலே ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிடுங்கள். விமான நிலையச் சோதனையில் காலியாகக் கொண்டுபோனால் பிரச்சினையில்லை, உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். இந்த ஒரு பாட்டில் கையில் இருந்தால் உலகத்தில் எந்தக் கழிப்பறைக்குள்ளும் தைரியமாக நுழையலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது நம் ஊர் ஈரிழைத் தோர்த்து. கனமான டவல் தீவுக் காற்றில் காயவே காயாது, தோர்த்து அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆண்கள் ஒரு சாரம் (கைலி) எடுத்துக்கொள்ளுங்கள், கடற்கரையில் உடைமாற்ற அறை இல்லாத இடத்தில் அதைச் சுற்றிக்கொண்டு எல்லாம் முடித்துவிடலாம், ஈரத் தரையில் பேன்ட் கால் நனையும் தொந்தரவும் இல்லை. பேப்பர் சோப்பு ஒரு டப்பி, டிஷ்யூ இரண்டு சிறிய பாக்கெட், ரப்பர் செருப்பு, சின்ன டார்ச், மூடி அழுத்தும் பிளாஸ்டிக் கவர் பத்துப் பதினைந்து. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து. இவற்றில் பாட்டில், சோப்பு, டிஷ்யூ, கவர் நான்கும் தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட்டால் தேவைப்படும் நேரத்தில் அது படகின் அடித்தட்டில் இருக்கும்.

விமானத்துக்குள்

முதல்முறை பறக்கிறவர்களுக்காக இது. கழிப்பறைக் கதவு நடுவில் மடியும் வகையாக இருந்தால் நடுவில் கைவைத்து உள்ளே தள்ள வேண்டும். தாழ்ப்பாளை முழுசாக நகர்த்தினால்தான் விளக்கு நன்றாக எரியும், வெளியே ஆள் இருப்பதாகக் காட்டும், அதனால் இருட்டாக இருக்கிறதே என்று பயந்து வெளியே வந்துவிடாதீர்கள். உள்ளே பெரும்பாலும் தாள் மட்டும்தான், பீய்ச்சுகுழாய் இருக்காது. கைகழுவும் தொட்டியில் உங்கள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு உட்காருங்கள். மூடியைச் சாத்திவிட்டு பொத்தானை அழுத்தினால் 'ஹூம்' என்று பெரிய சத்தம் வரும், அது காற்றால் உறிஞ்சுவது, எதுவும் உடையவில்லை. விமானம் இறங்க ஆரம்பித்து பெல்ட் விளக்கு எரிந்துவிட்டால் எழுந்து போக விடமாட்டார்கள், ஆகையால் சாப்பாட்டுத் தட்டு வாங்கிப் போனதும் போய்வந்துவிடுங்கள். வயதானவர்களை இந்த நேரத்தில் நீங்களே எழுப்பி அழைத்துப் போவது நல்லது, அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

படகு ஏறும் முன்

தீவுப் பயணத்தில் கழிப்பறைச் சங்கடம் வருவதெல்லாம் பெரும்பாலும் படகுப் பயணத்திலும், படகைப் பிடிக்கப் போகிற அவசரத்திலும்தான். டிக்கெட் எடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: போட்டில் கழிப்பறை உண்டா, எவ்வளவு நேரம் ஆகும், இறங்குகிற படகுத்துறையில் உண்டா. டிக்கெட் கொடுப்பவருக்கு இது தினமும் கேட்கிற கேள்வி, உங்களுக்கு மட்டும்தான் கூச்சம்.

மாலத்தீவில் ரிசார்ட்டுக்கும் சின்னத் தீவுகளுக்கும் போகிற விரைவுப் படகுகள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. தண்ணீரில் இறங்குகிற குட்டி விமானம் இருக்கிறதே, அதிலும் கிடையாது. அந்த விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும் என்பதால் காத்திருப்பும் நீளலாம், ஆகவே காத்திருக்கும் கூடத்திலேயே, பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் போய்வந்துவிடுங்கள். தாய்லாந்தின் நீளவால் படகுகளிலும் இதே கதை. பூக்கெட்டிலிருந்து ஃபீ ஃபீ தீவுக்குப் போகிற பெரிய ஃபெரியில் உண்டு.

லட்சத்தீவுக் கப்பல் கொச்சியிலிருந்து, தீவைப் பொறுத்து, ஏறக்குறைய 14 முதல் 18 மணி நேரம். கப்பலில் கழிப்பறை இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. கஷ்டம் இரண்டு இடத்தில். ஒன்று, கடல் ஆடும்போது. அப்போது ஆண்களும் உட்கார்ந்தே போங்கள், ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும், இரும்பு வாசற்படி உயரமாக இருக்கும், காலைத் தூக்கி வையுங்கள். விடியற்காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வரிசை கட்டுவார்கள், அதற்கு முன்னால் எழுந்துகொண்டால் சுத்தமாகவும் இருக்கும். இன்னொன்று, பல தீவுகளில் கப்பல் கரையை அணையாது. வெளியே நின்றுகொண்டு, ஆட்களைச் சின்னப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள், அலையைப் பொறுத்து அதற்கு நேரம் பிடிக்கும். இறங்குகிற அறிவிப்பு வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் முதலில் கழிப்பறைக்குப் போங்கள். பகலெல்லாம் தீவைச் சுற்றிவிட்டு ராத்திரி கப்பலிலேயே தூங்குகிற அரசுச் சுற்றுலாவில் போகிறவர்களுக்கு இது ஒவ்வொரு நாளும் நடக்கும்.

அந்தமானில் கவனிக்க வேண்டியது சாலை. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகிறவர்கள் நடுராத்திரி தாண்டிக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, விடிந்ததும் வண்டிகள் வரிசையாக ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் போவார்கள். அந்தக் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சட்டம் அது, அந்த மக்களின் உடம்புக்கும் வாழ்க்கைக்கும் பாதுகாப்புக்காக வைத்தது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர். "அவசரம், கொஞ்சம் ஓரம் கட்டுங்க" என்று டிரைவரிடம் கெஞ்சினாலும் அவர் நிறுத்தமாட்டார், நிறுத்தவும் கூடாது. ஆகவே ஜிர்காடாங்கில் டீ குடிப்பது இரண்டாவது வேலை, கழிப்பறை முதல் வேலை. தாண்டிப் போய் பெரிய படகில் ஏறி இறங்கியதும் பாராடாங் படகுத்துறையில் மறுபடி ஒருமுறை போய்விடுங்கள், அதற்கப்புறம் சின்னப் படகும் குகை வரை நடையும்தான், வழியில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர், டீக்கடையில் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணப் பக்கம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கோ நெடுந்தீவுக்கோ போவதானால் குறிகாட்டுவான் படகுத்துறையில்தான் படகேற வேண்டும். நயினாதீவு கொஞ்ச நேரம், நெடுந்தீவு ஒரு மணி நேரம் வரை ஆகும். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் வரைக்குமே பஸ்ஸில் நல்ல நேரம் உட்கார வேண்டும் என்பதால், துறைக்கு வந்ததும் நேராகப் போய்விட்டு அப்புறம் வரிசையில் நில்லுங்கள்.

காலைப் படகு என்றால் இன்னொரு சிக்கல். நம் ஆட்கள் பலருக்கு ஒரு கட்டன்சாயா உள்ளே போனால்தான் வயிறு இளகும். ஆறு மணிப் படகுக்கு ஐந்தரைக்கு எழுந்து, சாயா கிடைக்காமல், படகில் ஏறி நடுக்கடலில் வயிறு கேட்க ஆரம்பித்தால் என்ன செய்வது? முதல்நாள் ராத்திரியே ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் வாங்கி வையுங்கள், ஒரு மணி நேரம் முந்தி எழுந்து குடியுங்கள். ராத்திரி சாப்பாட்டை எண்ணெயும் காரமும் குறைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள், புதுக் கடல்மீன் வகைகளைப் படகுக்கு முந்தின ராத்திரியில் பரிசோதிக்க வேண்டாம்.

உள்ளே போனதும் என்ன இருக்கும்

நம்மைப் போலவே தண்ணீரால் கழுவுகிற ஊர்கள்தான் அதிகம்: இலங்கை, மாலத்தீவு, மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து. ஆனாலும் ஏற்பாடு ஒன்றுபோல் இருக்காது.

தாய்லாந்திலும் மலேசியாவிலும் சுவரில் பீய்ச்சுகுழாய் மாட்டியிருக்கும், நாம் ஹெல்த் ஃபாசெட் என்கிறோமே அதேதான். அழுத்தம் சில இடத்தில் மிக வேகம், முதலில் தரையைப் பார்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். முடிந்ததும் சுவரிலுள்ள வால்வைத் திருகி அடையுங்கள், இல்லாவிட்டால் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இந்தோனேசியாவில், பாலியின் நகரத்துக் கடைகளைத் தாண்டி உள்ளூர்ப் பக்கம் போனால், ஓடு பதித்த சதுரத் தொட்டியும் கைப்பிடி வைத்த கப்பும் இருக்கும். தொட்டி 'பாக்', கப்பு 'காயுங்'. அந்தத் தொட்டித் தண்ணீர் உங்களுக்குப் பின்னால் வருகிற எல்லோருக்கும். கையை உள்ளே விடக் கூடாது, காலைக் கழுவித் தண்ணீர் தொட்டிக்குள் தெறிக்கக் கூடாது, குளிக்கும் தொட்டி என்று நினைத்து உள்ளே இறங்கவே கூடாது. கப்பால் கோரி வெளியே வந்து ஊற்ற வேண்டும். ஃப்ளஷ் கைப்பிடி இல்லையென்றால் அதே கப்பால் இரண்டு மூன்று முறை வேகமாக ஊற்றினால் இறங்கிவிடும், மெதுவாக ஊற்றினால் எவ்வளவு ஊற்றினாலும் இறங்காது. வெளியே வரும்போது தொட்டி குறைந்திருந்தால் குழாயைத் திறந்துவிட்டு வாருங்கள், கப்பைக் கவிழ்த்து வையுங்கள். பிலிப்பைன்ஸிலும் கப்புதான், 'தாபோ' என்பார்கள்.

மாலத்தீவில் பழைய வீடுகளிலும் சில விடுதிகளிலும் குளியலறை வீட்டுக்குப் பின்னால் நாலு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே திறந்தவெளியாக இருக்கும், 'கிஃபிலி' என்பது அதன் பெயர். வானத்தைப் பார்த்துக் குளிப்பது புதிதாக இருக்கும், ஆனால் வசதி. மழை வந்தால் உடைகளை வீட்டுக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். அங்கே தரை உலர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தண்ணீர் தெளித்துவிட்டால் டிஷ்யூ எடுத்துத் துடைத்துவிட்டு வாருங்கள். பொதுக் கழிப்பறையில் ஃப்ளஷ் செய்யாமல் வந்தால் அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. கழிப்பறை விஷயத்தில் அவ்வளவு அக்கறையுள்ள ஊர். நவம்பர் 19-ஐ உலகக் கழிப்பறை நாளாக 2013-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதே சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான்.

தாள் பயன்படுத்தினால் அதை எங்கே போடுவது? பக்கத்தில் மூடி போட்ட கூடை இருந்தால் கூடையில். தீவுகளில் குழாய் ஒடுக்கமாக இருக்கும், தரை சமதளம் என்பதால் சரிவும் கிடைக்காது, செப்டிக் டேங்கும் சின்னது, தாள் அடைத்துக்கொண்டால் எடுக்க ஆள் அடுத்த தீவிலிருந்து வர வேண்டியிருக்கும். என் வழக்கம் என்னவென்றால், தண்ணீரால் கழுவிவிட்டுத் தாளை ஈரம் ஒற்ற மட்டும் பயன்படுத்துவது, அப்போது கூடையில் போட அருவருப்பும் இருக்காது.

இன்னும் ஒன்று. குத்தவைத்தே பழகியவர்கள் வெஸ்டர்ன் டாய்லெட்டின் விளிம்பில் ஏறி உட்காராதீர்கள். பீங்கான் உடைந்தால் தொடையைக் கிழித்துவிடும், பெரிய ஆபத்து. உட்கார அருவருப்பாக இருந்தால் டிஷ்யூவால் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் தாள் விரித்து உட்காருங்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் பழக்கமில்லையென்றால் பயணத்துக்கு முன்பே சொந்தக்காரர் வீட்டிலோ திருவனந்தபுரத்து மாலிலோ பழக்கிவிடுங்கள், கூட்டத்துக்கு நடுவே அங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டாம்.

காசு, பலகை, செருப்பு

கட்டணக் கழிப்பறை பல நாடுகளில் உண்டு. தாய்லாந்தில் வழக்கமாக 5 பாட் அளவில், மலேசியாவில் 20 முதல் 50 சென், இந்தோனேசியாவில் 2,000 முதல் 5,000 ரூபியா. வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், சில இடத்தில் பெட்டி மட்டும் இருக்கும். ஆள் இல்லாவிட்டாலும் பெட்டியில் போடுங்கள், சுத்தம் செய்கிறவருக்கு அதுதான் கூலி. பெரிய நோட்டை நீட்டினால் அவரிடம் மாற்றித் தர இருக்காது, வந்த முதல் நாளே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் பலகைகளில் பெரும்பாலும் தமிழும் இருக்கும், மலசலகூடம் என்று எழுதியிருப்பதும் கழிப்பறைதான். மலேசியாவில் 'தண்டாஸ்' என்று கேளுங்கள். லெலாக்கி ஆண்களுக்கு, பெரெம்புவான் அல்லது வனித்தா பெண்களுக்கு. இந்தோனேசியாவில் ப்ரியா ஆண், வனித்தா பெண். தாய்லாந்தில் 'ஹோங் நாம்' என்றால் காட்டிவிடுவார்கள். மாலத்தீவில் ஃபிரிஹெனுன் ஆண்கள், அன்ஹெனுன் பெண்கள். லட்சத்தீவில் மினிக்காய் தவிர மற்ற தீவுகளில் மலையாளம்தான், எல்லைப் பக்கத்து நமக்கு அங்கே எதுவும் தடையில்லை.

பொது இடம் தேடும்போது பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட், ஃபெரி டெர்மினல், இந்த வரிசையில் பாருங்கள். கடற்கரைகளில் நீலக்கொடி (சுத்தமான கடற்கரைக்குக் கொடுக்கிற சர்வதேசச் சான்று) பறக்கிற கடற்கரையாக இருந்தால் தேடவே வேண்டாம், கழிப்பறை இருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். அந்தமானின் ராதாநகர் கடற்கரை 2020-இல் வாங்கியது, லட்சத்தீவில் மினிக்காய் துண்டி, கடமத்து இரண்டும் 2022-இல்.

பள்ளிவாசல் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அங்கே சில ஒழுங்கு உண்டு: வெறுங்காலுடன் போகாதீர்கள், வைத்திருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் விடுங்கள். தொழுகைக்குக் கைகால் கழுவுகிற குழாய் வரிசை தனி, கழிப்பறைக்குப் போய்வந்து அங்கே கால் கழுவக் கூடாது. உள்ளே பேச்சு வேண்டாம், போன் வேண்டாம். பௌத்த விகாரைகளிலும் நம் கோயில்களிலும் செருப்பை வெளியே விட வேண்டும் என்பதால் செருப்பு காலில் இருக்கும்போதே போய்வந்துவிடுங்கள், அப்புறம் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்க வேண்டிவரும். ராமேஸ்வரமும் தீவுதானே, அங்கே 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு கழிப்பறை தேடுகிற பெரியவர்களைப் பார்த்தாலே இது புரியும்; தீர்த்தமாடுவதற்கு முன்னால் போய்விடுவதுதான் சரி.

பெண்கள், பெரியவர்கள், குழந்தைகள்

பெண்களே, தண்ணீரைக் குறைக்காதீர்கள். கழிப்பறை கிடைக்காது என்று குடிக்காமல் இருப்பதும், வந்ததை மணிக்கணக்கில் அடக்குவதும் சேர்ந்து சிறுநீர்த் தொற்றில் கொண்டுவிடும், தீவு வெயிலில் தலைசுற்றலும் சேரும். ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிப்பதைவிட, சிறிது சிறிதாக நாள் முழுக்கக் குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தேவை தோன்றாவிட்டாலும், நல்ல கழிப்பறை கண்ணில் பட்டால் போய்விடுங்கள். கூட வருகிற ஆண்கள் அவர்களாகவே "இங்க நல்லாருக்கு, போயிட்டு வந்திருங்க" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், ஏனென்றால் மாமனார் மைத்துனர் முன்னால் பல பெண்கள் வாய்திறந்து கேட்பதில்லை.

மாதவிலக்கு நாட்களில் நாப்கின் ஊரிலிருந்தே தேவைக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள், சின்னத் தீவுக் கடையில் வகையும் குறைவு, விலையும் அதிகம். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிக் கவரில் போட்டு மூடி, குப்பைக்கூடை உள்ள இடம் வரை கொண்டுவாருங்கள். ஒருபோதும் குழியில் போடாதீர்கள். மாலே பக்கத்துக் குப்பையெல்லாம் கொட்டுவதற்குத் திலஃபுஷி என்று ஒரு தீவே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு இடநெருக்கடி. குழந்தைகளின் டயப்பருக்கும் இதேதான். மாதவிலக்குக் கப் பயன்படுத்துகிறவர்கள் அதைக் கழுவ, குழாய்த் தண்ணீரை நம்பாமல் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள்.

பாலியில் கோயில் வாசல்களில் மாதவிலக்கான பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பார்கள். வழக்கம் அவர்களுடையது, வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அந்த நாட்களைக் கணக்குப் பார்த்துக் கோயில் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றினால் மனக்கஷ்டம் இருக்காது.

முட்டுவலிக்காரர்களுக்கு அறை பதிவு செய்யும்போதே "வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பிடித்து எழக் கைப்பிடி உண்டா" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெளியே குத்தவைக்கும் கழிப்பறை மட்டும் இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான அறையைக் கேளுங்கள், ஃபெரி டெர்மினல்களிலும் பெரிய கடைகளிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஈரத் தரையில் வழுக்கி விழுவதுதான் பெரியவர்களுக்கு வருகிற முதல் ஆபத்து. கதவைத் தாழிட வேண்டாம், நீங்கள் வெளியே நில்லுங்கள்.

எதுவுமே கிடைக்காதபோது

தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்று தோன்றும். பவளத் தீவில் அந்தத் தோப்புக்கு நடுவில்தான் யாரோ ஒருவர் வீட்டுக் கிணறு இருக்கும், மழை பெய்தால் அது அங்கேதான் இறங்கும். அதற்குப் பதில் பக்கத்து வீட்டிலோ கடையிலோ கேளுங்கள். அவசரம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஒரு பெண்ணோ குழந்தையோ கேட்டால் எந்தத் தீவிலும் சும்மா அனுப்பமாட்டார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் காட்டுகிற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை அளவாக ஊற்றி, போனதைவிடச் சுத்தமாக விட்டுவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்புங்கள். காசு நீட்டினால் சில வீடுகளில் வருத்தப்படுவார்கள், கடையாக இருந்தால் ஒரு இளநீரோ பிஸ்கட்டோ வாங்கிக்கொள்வது மரியாதை.

வயிறு கெட்டுவிட்டால்

புதுத் தண்ணீர், புதுச் சாப்பாடு, வெயில் மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் நடக்கலாம். அன்றைய படகுச் சுற்றுலாவை ரத்து செய்துவிட்டு அறையில் இருங்கள், பணம் போனால் போகட்டும். ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் பொதுவாக ஒரு லிட்டரில், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், டீஸ்பூனைத் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. கஞ்சி கிடைத்தால் கஞ்சி, இல்லையென்றால் வெறும் சோறும் வாழைப்பழமும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், ஒரே அறையில் இருக்கிற மற்றவர்களுக்குப் பரவுவது கையால்தான்.

மலத்தில் ரத்தம் தெரிந்தால், காய்ச்சல் ஏறினால், வாந்தியில் எதுவும் உள்ளே நிற்காவிட்டால், ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால், குழந்தை துவண்டு கிடந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். சின்னத் தீவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்காது, அங்கிருந்து அடுத்த படகு எத்தனை மணிக்கு என்பதை விடுதிக்காரரிடம் வந்து சேர்ந்த அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் கடைசிப் படகு போய்விட்டால் பிறகு என்ன வழி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.